அயல்மொழியில் வாய் திறக்கப் பயமா? சென்னையில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகப் படிப்பவர்கள், ஒரகடம் பக்கம் ஜப்பானிய கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு வகுப்புக்கு ஓடுபவர்கள், பள்ளியில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சை இப்போது ஆசையாகத் தூசு தட்டுபவர்கள், தொடர்கள் பார்த்துப் பார்த்தே கொரிய மொழி மேல் பிரியம் வந்தவர்கள். சென்னையில் அயல்மொழி வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் காரணங்கள் பல. சிக்கல் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். நோட்டில் பயிற்சிகளை எல்லாம் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஆசிரியர் திரும்பி "நீங்க சொல்லுங்க" என்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி அவர்களுக்குத்தான். பயம் போனதும் பேசலாம் என்று காத்திருந்தால் அது போகாது. இன்னும் கொஞ்சம் இலக்கணம் முடித்துவிட்டுப் பேசலாம் என்று தள்ளிப்போட்டாலும் போகாது. வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தும் ஒரு டீ கேட்கத் தயங்குகிறவர்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கலாம். நம் குரலைக் கேட்கிறவர்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் வழி. முதலில் யாருமே இல்லாமல், அப்புறம் ஒரு போன், அப்புறம் ஒரே ஒரு ஆள், அப்புறம் வகுப்பு, கடைசியாக முன்பின் தெரியாதவர்.

முதலில், எந்தப் பயம் என்று பாருங்கள்

மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை ஆராய்ந்த எலேன் ஹார்விட்ஸும் அவருடைய சகாக்களும் 1986-இல் அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்விப்பட்டியலை வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற பாடங்களில் நன்றாக இருப்பவர்களுக்கும் இந்தப் பதற்றம் தனியாக வரும் என்பது அவர்கள் கருத்து. அதோடு தொடர்புள்ளவை என்று மூன்றைச் சொன்னார்கள்: இன்னொருவரோடு பேசுவதிலேயே உள்ள கூச்சம், பரீட்சைப் பயம், மற்றவர்கள் நம்மைக் குறைவாக நினைப்பார்களோ என்ற பயம்.

நம் ஊரில் மூன்றாவதுதான் ஓங்கி நிற்கிறது என்பேன். அது ஜெர்மனோ ஜப்பானிய மொழியோ தந்த பயமும் கிடையாது. ஆங்கிலம் விட்டுப்போன வடு அது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சரியாகப் பேசினால் "பீட்டர் விடுறான்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. அதே பாடத்தை இருபத்தைந்து வயதில் ஜெர்மன் வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு வருகிறது.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஏ1 என்ற முதல் நிலை வகுப்பில் எல்லோருமே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'டெர், டீ, தாஸ்' கான்வென்ட்டில் படித்தவருக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. நல்ல நிறுவனங்களில் பாடத்தையே அந்த மொழியில்தான் நடத்துவார்கள். படம், சைகை, எடுத்துக்காட்டு வைத்தே முதல் நாளை ஓட்டிவிடுவார்கள். உங்கள் நோட்டில் அர்த்தத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அந்நியச் சொல்லிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று சுற்றிக்கொண்டு போனால் வேகமும் குறையும், பழைய கூச்சமும் கூடவே வரும்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: யார் எதிரில் பேசப் பயம்? ஆசிரியரா, கூடப் படிப்பவர்களா, அந்த மொழிக்காரரா, தேர்வாளரா? இந்தப் பதிலை வைத்துத்தான் கீழே உள்ளவற்றில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிறீர்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

நுங்கம்பாக்கத்தில் ரட்லண்ட் கேட் பக்கம் கோத்தே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. மாக்ஸ் முல்லர் பவன் என்றால் பலருக்குத் தெரியும். ஜெர்மன் அங்கே. காலேஜ் ரோட்டில் அலியான்ஸ் பிரான்சேஸ், பிரெஞ்சுக்கு. ஜப்பானிய மொழிக்கு ஏபிகே ஏஓடிஎஸ் தோசொகாய், கொரிய மொழிக்கு இன்கோ சென்டர். இவை தவிர தெருவுக்குத் தெரு தனியார் வகுப்புகளும் வீட்டில் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள்.

எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் ஒரு மாணவர் எவ்வளவு நேரம் வாய் திறந்து பேச வேண்டியிருக்கும்? இரண்டாவது கேள்விக்கு "நாங்க கிராமர் ஸ்ட்ராங்கா கொடுப்போம்" என்ற பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்றும் கேட்கலாம். அங்கே ஒரு மாணவர் தப்பாகச் சொல்லும்போது ஆசிரியர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பயந்த சுபாவம் உள்ளவருக்குப் பாடத்திட்டத்தைவிட அந்த முகம் முக்கியம்.

தனியாக இருக்கும்போது வாயைப் பழக்குவது

பயத்தில் பாதி, வாய்க்குப் பழக்கமில்லாததால் வருவது. ஒரு சொல்லை முதல்முறையாகச் சொல்வதே பத்துப் பேர் முன்னால் என்றால் யாருக்கும் நடுங்கத்தான் செய்யும். அதனால் வகுப்பில் சொல்லப் போகும் எதையும் முதலில் வீட்டில் சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. உதடு அசைய வேண்டும், சத்தம் வர வேண்டும்.

இதில் தமிழர்களுக்குச் சில அனுகூலங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் தன்னம்பிக்கை தானாக வரும்.

குறில் நெடில் வேறுபாடு நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஜப்பானிய மொழியில் 'ஒபசன்' என்றால் அத்தை அல்லது நடுத்தர வயதுப் பெண்மணி, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஜெர்மனில் 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. குறில் நெடில் பேதம் இல்லாத மொழிக்காரர்கள் இந்த இடத்தில் திண்டாடுவார்கள். நாம் படு, பாடு என்று சொல்லி வளர்ந்தவர்கள். ஒற்றெழுத்தும் அப்படித்தான். ஜப்பானிய மொழியில் 'கிதே' என்றால் 'வந்து', 'கித்தே' என்றால் தபால் தலை. பாடு, பாட்டு என்று வேறுபடுத்தத் தெரிந்த காதுக்கு இது சிரமமே இல்லை.

வாக்கிய அமைப்பில் இன்னும் பெரிய அனுகூலம். 'வதாஷி வா சென்னை காரா கிமாஷிதா' என்பதைத் தமிழில் அதே வரிசையில் வைக்கலாம்: நான், சென்னை, இலிருந்து, வந்தேன். ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு மாதிரியான இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். அதனால் இந்த இரண்டையும் படிப்பவர்கள் ஆங்கிலத்தில் யோசிப்பதை முதல் வாரமே நிறுத்திவிடலாம். தமிழில் யோசித்துத் தமிழ் வரிசையிலேயே சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாக வரும். ஜெர்மனிலும் 'வைல்' என்று காரணம் சொல்லும் கிளைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களை அது குழப்பும், தமிழ் வழியாக வருபவருக்கு அது வீட்டுச் சமாச்சாரம்.

சிரமமும் இருக்கிறது. நம் எழுத்தில் ப ஒன்றுதான், க ஒன்றுதான். பிரெஞ்சில் ரொட்டி என்ற சொல்லுக்கும் (pain) குளியல் என்ற சொல்லுக்கும் (bain) உள்ள வேறுபாடே முதல் ஒலி வல்லோசையா மெல்லிய அதிர்வோடு வருகிறதா என்பதுதான். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு ஒலி, 'ம்'முக்குப் பின் வரும் பு வேறு ஒலி. தொண்டையில் விரல் வைத்தால் இரண்டாவதற்கு அதிர்வு தெரியும். 'தந்தம்' என்பதில் முதல் த வேறு, 'ந்'துக்குப் பின் வரும் த வேறு. ஆக, இரண்டு ஒலிகளும் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்லின் முதலில் அந்த இரண்டாவது ஒலியை வைக்கப் பழகினால் போதும். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வரும் அந்த உதடு குவித்த ஈகாரத்துக்கு, 'ஈ' என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோலக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் சீக்கிரம் பிடிபடும்.

(இங்கே அயல்மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது படிக்க வசதிக்காகத்தான். உங்கள் நோட்டில் அந்தச் சொற்களை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.)

தினசரிப் பயிற்சிக்கு, பாடப் புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவில் முப்பது நொடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறுமனே கேளுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள். பிறகு ஒலி ஓடும்போதே அரை நொடி பின்தங்கி நீங்களும் சொல்லிக்கொண்டே போங்கள். நிறுத்த வேண்டாம், விட்டுப்போனால் அடுத்த சொல்லில் சேர்ந்துகொள்ளுங்கள். ஏற்ற இறக்கம், எங்கே மூச்சு விடுகிறார்கள், எங்கே அழுத்துகிறார்கள் என்பதெல்லாம் இப்படித்தான் நாக்கில் ஏறும். ஒரே முப்பது நொடியை ஒரு வாரம் முழுக்கச் செய்யுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த முப்பது நொடி சாகும் வரை மறக்காது.

வீட்டில் இடமில்லை, எல்லோரும் கேட்பார்கள் என்ற கவலை சென்னையில் நியாயமானது. ஒரே ஹாலில் டிவியும் அப்பாவும் தம்பியின் ஹோம்வொர்க்கும் இருக்கும்போது 'நான் என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன்' என்று ஜெர்மனில் சொல்வது எளிதல்ல. மொட்டை மாடிக்குப் போங்கள். அல்லது பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடை போகும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். யாரோடோ போனில் பேசுகிறீர்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள், எந்த மொழி என்று நின்று கேட்கப் போவதில்லை. பீச் தாம்பரம் மின்சார ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவும் நல்ல இடம். அந்த இரைச்சலில் உங்கள் குரல் உங்களுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும், அதனால் தானாகவே குரலை உயர்த்துவீர்கள். பயந்தவர்களுக்கு முதலில் போவது குரல்தான், அதை மீட்க இந்த ரயில் உதவும்.

கையில் வைத்திருக்க வேண்டிய மீட்பு வாக்கியங்கள்

பேசப் பயப்படுவதைவிட, எதிராளி சொல்வது புரியாமல் விழிப்பதற்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். இதற்கு நேரடி மருந்து இருக்கிறது. எந்த மொழி படித்தாலும் முதல் வாரத்திலேயே, வணக்கம் நன்றிக்கு அடுத்தபடியாக, இந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்யுங்கள்: இன்னொரு முறை சொல்லுங்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், இதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வார்கள், ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்.

ஜெர்மனில் 'நொஹ் ஐன்மால் பிட்டே', 'லாங்ஸாமர் பிட்டே'. ஜப்பானிய மொழியில் 'மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ்', 'யுக்குரி ஒனெகாய்ஷிமாஸ்'. பிரெஞ்சில் 'ப்ளூ லாந்த்மான், சில் வூ ப்ளே'. இவை நாக்கு நுனியில் இருந்தால் உரையாடல் கைமீறிப் போகாது. புரியாதபோது திரும்பக் கேட்பதே அந்த மொழியில் பேசுவதுதான். நீங்கள் திணறுகிறீர்கள் என்று எதிராளிக்குத் தெரிந்தால் பெரும்பாலும் அவரே எளிய சொல்லுக்கு இறங்கி வருவார்.

அதோடு இழுத்துப் பேசும் அசைகளையும் பழகுங்கள். தமிழில் சொல் வராதபோது "வந்து...", "அதாவது..." என்று இழுக்கிறோம் இல்லையா? ஜப்பானியர் 'எத்தோ...' என்பார்கள், பிரெஞ்சுக்காரர் 'அலோர்...' என்பார்கள், ஜெர்மானியர் 'அல்ஸோ...' என்பார்கள். பதற்றத்தில் மனசு வெறுமையாகிப் போகும்போது இரண்டு நொடி கிடைத்தால் போதும், சொல் வந்துவிடும். முழு மௌனம்தான் பதற்றத்தைக் கூட்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஆக்சுவலி' என்று தாவினால் மூளை அந்தப் பக்கமே போய்விடும், திரும்பி வர நேரமாகும்.

போனில் பதிவு, பிறகு ஒரே ஒரு ஆள்

இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். தலைப்பு சாதாரணமாக இருக்கட்டும்: காலையில் என்ன சாப்பிட்டேன், ஆபீசுக்கு எப்படிப் போனேன், எங்கள் தெருவில் என்ன இருக்கிறது. எழுதி வைத்துப் படிக்காதீர்கள். நாலு சொல் மட்டும் குறித்துக்கொண்டு பேசுங்கள். இட்லிக்கு ஜெர்மனில் என்ன என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இட்லி என்றே சொல்லுங்கள்.

பதிவை உடனே கேட்காதீர்கள். தன் குரலைக் கேட்கவே பலருக்குக் கூசும், சூட்டோடு கேட்டால் அழித்துவிடத் தோன்றும். மறுநாள் கேளுங்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் தேர்ந்தெடுத்து, அதைச் சரிசெய்து மறுபடி அதே ஒரு நிமிடத்தைப் பேசுங்கள். எல்லாப் பிழையையும் ஒரேயடியாகத் திருத்தப் பார்ப்பது, பயந்தவரை மேலும் பயமுறுத்தத்தான் உதவும். பழைய பதிவுகளை வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்கும்போது, யாரும் பாராட்டாமலேயே எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் காதுக்குத் தெரியும். பயத்தோடு வாதாட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அடுத்தது ஒரு கூட்டாளி. வகுப்பில் உங்களைப் போலவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். நன்றாகப் பேசுபவரைப் பிடித்தால் நீங்கள் கேட்பவராகவே இருந்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் இருவரும் தினமும் ஒரு குரல் செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பெரிய வசதி, பதில் சொல்ல யோசிக்க நேரம் கிடைக்கும், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். விதி இரண்டே போதும். பேசும்போது நடுவில் திருத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் தமிழில் பேசி, அந்த வாரம் திரும்பத் திரும்ப வந்த தப்புகளைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இரண்டு மூன்று வாரத்தில் குரல் செய்தியிலிருந்து நேரடிப் பேச்சுக்கு மாறுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்துப் படித்துவிட்டு, வெளியே வந்து டீ குடிக்கும் நேரம் முழுக்க அந்த மொழியில்தான் என்று வைத்துக்கொள்ளலாம். டீ தீரும் வரைதான், அதற்கு மேல் வேண்டாம். முடியும் நேரம் தெரிந்திருந்தால் தொடங்கும் தயக்கம் குறையும்.

வகுப்புக்குள்

வகுப்பில் பயத்தின் கணக்கு விசித்திரமானது. பேசாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வாய் திறப்பதை இன்னும் கடினமாக்கும். அதனால் முதல் பத்து நிமிடத்துக்குள் எதையாவது சொல்லிவிடுங்கள். பெரிய கருத்தெல்லாம் வேண்டாம். "இது எந்தப் பக்கம்?" என்ற கேள்வி போதும். அதை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வாருங்கள். ஒருமுறை உங்கள் குரல் அந்த அறையில் ஒலித்துவிட்டால் அடுத்தது வருவது எளிது.

முன் வரிசையில் உட்காருங்கள். பின்னால் இருக்கும் தலைகள் கண்ணில் படாது, ஆசிரியரோடு மட்டும் பேசுவதுபோல இருக்கும்.

ஆசிரியர் திருத்தும்போது தலையை ஆட்டிவிட்டு உட்காராதீர்கள். திருத்திய வாக்கியத்தை முழுதாக ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் அந்தத் தருணம் 'தப்பு செய்தேன்' என்று முடியாமல் 'சரியாகச் சொன்னேன்' என்று முடியும். யாராவது சிரித்தால்? சில சமயம் சிரிப்பார்கள், அது வலிக்கும், வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டியதில்லை. ஆனால் வாக்கியத்தைப் பாதியில் விடாதீர்கள். முடித்துவிட்டு உட்காருங்கள். அது தொடர்ந்தால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் அதை அன்றே நிறுத்துவார்.

அமைதியாக இருப்பவர்களைப் பார்த்து "இவங்களுக்கு மொழி வராது" என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பதற்றமாக இருக்கும்போது, சொல்லைத் தேட வேண்டிய மனசு தன்னைக் கவனித்துக்கொள்வதிலேயே செலவாகிறது. தெரிந்த சொல்கூட வராமல் போவது அதனால்தான். பதற்றம் தணிந்ததும் அதே ஆள் சரளமாகப் பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முன்பின் தெரியாதவரோடு

மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிரெஞ்சுக்காரர் வந்தால் பிரெஞ்சில் நாலு வார்த்தை, இத்தாலியர் வந்தால் அதில் நாலு வார்த்தை. வினைத்திரிபெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. விலை, கல்லின் பெயர், எத்தனை நாள் வேலை, எந்த ஊர் நீங்கள் என்று பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் கவனம் முழுக்க எதிரில் நிற்பவருக்குப் புரிந்ததா என்பதில்தான் இருக்கிறது, தான் எப்படித் தெரிகிறோம் என்பதில் இல்லை. ஒரு நாள் போய் ஒரு மணி நேரம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

நீங்களும் பயணிகளிடம் பேசலாம், ஆனால் மரியாதையோடு. "நான் உங்கள் மொழி படிக்கிறேன், இரண்டு நிமிடம் பேசலாமா?" என்று அந்த மொழியிலேயே அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு விலகிவிடுங்கள். அலியான்ஸ் பிரான்சேஸிலும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டிலும் நடக்கும் படக்காட்சிகள், நிகழ்ச்சிகள் இன்னும் வசதி. வருகிறவர்களுக்கு அந்த மொழியில் ஏற்கெனவே ஆர்வம் இருக்கும். கம்பெனியில் ஜப்பானிய அல்லது கொரிய மேலாளர் இருந்தால் காலை வணக்கத்திலிருந்து தொடங்குங்கள். மீட்டிங்கில் வேண்டாம், கேன்டீனில் போதும். ஜப்பானிய மொழியில் நீங்கள், நீ போன்ற மரியாதைப் படிநிலை வினையிலேயே வரும் என்பதால், தொடக்கத்தில் 'மாஸ்' என்று முடியும் பணிவான வடிவத்தையே எல்லோரிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகள் இருக்கின்றன. தமிழோ ஆங்கிலமோ கற்க விரும்புகிறவருக்கு நீங்கள் உதவலாம், அவர் உங்களுக்கு உதவுவார். முதலில் எழுத்து, பிறகு குரல் செய்தி, நம்பிக்கை வந்தபின் அழைப்பு என்று போங்கள். பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போன் எண், முகவரி, புகைப்படம் எதுவும் ஆரம்பத்தில் வேண்டாம். மொழியை விட்டுப் பேச்சு வேறு பக்கம் போனால், அல்லது வேலை, விசா, பணம் என்று யாராவது தொடங்கினால், உடனே தடுத்துவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

தேர்வு அறையில்

பேச்சுத் தேர்வுக்குத்தான் பலருக்கும் அதிகப் பயம். அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

கோத்தே ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி குழுவாக நடக்கும், சுமார் 15 நிமிடம். முதலில் உங்களை அறிமுகம் செய்ய வேண்டும்: பெயர், வயது, நாடு, வசிக்கும் ஊர், தெரிந்த மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். நம் பெயர்கள் நீளம் என்பதால் இதை வீட்டில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்து அட்டையில் உள்ள சொல்லை வைத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான். மொத்தம் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. நாற்பது மதிப்பெண் விட்டாலும் தேறலாம் என்பதை மறக்காதீர்கள். இடைநிலையான பி1 தேர்வில் பேச்சு தனிப் பிரிவு. அதில் இருவராகப் போவீர்கள், தயாரிக்க 15 நிமிடம் தருவார்கள். பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் ஏ1 தேர்வில் 100-க்கு 50 போதும், ஆனால் நான்கு பகுதிகளிலும் 25-க்கு குறைந்தது 5 வேண்டும்.

ஜூலையிலும் டிசம்பரிலும் வரும் ஜப்பானிய ஜேஎல்பிடி தேர்வில் பேச்சே கிடையாது. இது பயந்தவர்களுக்கு வசதி மாதிரி தெரியும், உண்மையில் பொறி. நடு நிலையான என்3 சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணலில் ஊமையாக நிற்கிற நிலை இதனால்தான் வருகிறது. முதல் நிலையான என்5-இலிருந்தே பேச்சுப் பயிற்சியைத் தனியாக நடத்துங்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன், கூட்டாளியை எதிரில் உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, முழுத் தேர்வையும் நடத்திப் பாருங்கள். முடிந்தால் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவரைத் தேர்வாளராக உட்காரச் சொல்லுங்கள். அவருக்கு மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓர் அந்நிய முகம் எதிரில் இருக்கும்போதும் உங்கள் வாய் வேலை செய்கிறதா என்பதைத்தான் சோதிக்கிறீர்கள். தேர்வு அன்று காலையில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். போகும் வழியில் மெட்ரோவில் அந்த முப்பது நொடி ஒலிப்பதிவை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

இடையில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். நைட் ஷிஃப்ட் வரும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும், டிசம்பர் மழையில் வேளச்சேரியிலிருந்து நுங்கம்பாக்கம் வருவதே முடியாத காரியமாகும். நாலு வகுப்பு விட்டவர், ஐந்தாவதுக்குப் போகக் கூச்சப்பட்டு, அப்படியே நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. அதற்குப் பெயர் சோம்பல் கிடையாது, பழைய பயமேதான்.

திரும்பி வரும்போது விட்ட பாடத்தை எல்லாம் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று உட்காராதீர்கள். முந்தின நாள் கூட்டாளிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பி, நாளை என்ன பாடம் என்று அந்த மொழியிலேயே கேளுங்கள். அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கேட்டால் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் தயாராக வைத்திருங்கள். ஜெர்மன் படிப்பவர்கள் அதை 'வைல்' போட்டுச் சொல்லிவிட்டால், அன்றைய முதல் பத்து நிமிடக் கணக்கும் அதோடு முடிந்தது.